ஐம்பத்தொரு கிலோ

காசநோய் இருக்கிறதா பாருங்கள் என்று
வந்த சளி அது.
இரவு இரண்டேகால்.
கோரிமேட்டு ஆய்வகத்தில்
நானும் ஃப்ரிட்ஜும் முனகிக்கொண்டிருந்தோம்.
சாயம் போடுமுன்
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
சும்மா பார்த்தேன்.

நெளிந்தது.

சளியில் நெளிய எதற்கும் உரிமையில்லை.
லென்ஸைத் துடைத்தேன், கண்ணையும்.
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது
பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்.

முந்தாநாள் வளர்க்க வைத்த தட்டை எடுத்தேன்.
ரத்தம் கலந்த அகர், கருஞ்சிவப்பு.
அதன்மேல் கிருமிகள்
வளைந்து வளைந்து ஒரே வரிசையில்,
அவசரத்தில் போட்ட தையல் மாதிரி.
சாக்கு கிழிந்த அரிசி வண்டியாய்
குடலின் அழுக்கைச் சிந்திக்கொண்டே
இரவெல்லாம் ஊர்ந்திருக்கிறது புழு.

சீட்டைப் படித்தேன்.
தனகோட்டி, நாற்பத்தொன்பது, நெல்லிக்குப்பம்.
சிறுநீரகம் மாற்றி ஐந்து மாதம். கொடுத்தவர்: அக்கா.
வந்த உறுப்பைப் பார்த்து உடம்பு
யார் நீ என்று கேட்டுவிடாமலிருக்க
ஸ்டீராய்டு, போன வாரம் இன்னும் கூடுதலாக.
காவலைத் தூங்கவைத்தால்
தப்பிப்பது ஒருவர் மட்டும்தானா?

கரும்பு வெட்டிய ஈரக் கொல்லையில்
வெறுங்காலோடு நின்ற ஏதோ ஒரு காலையில்
பாதம் வழியே ஏறியிருக்கும் என்றார் டாக்டர் மெஹருன்னிஸா,
தூக்கம் கலைந்த குரலில்.
முப்பது வருஷமாக உள்ளேயே பெற்று
உள்ளேயே வளர்ந்து
சத்தமில்லாமல் இருந்த குடும்பம்.
இப்போது நுரையீரல்வரை வந்துவிட்டது.

மாத்திரை இருக்கிறது. விலையும் அதிகமில்லை.
கரைத்து மூக்குக் குழாயில் விட்டார்கள்;
அதே குழாயில் திரும்பி வந்தது.
குடல் கடையை மூடிவிட்டிருந்தது.
ஊசியாகப் போடலாம்தான்.
அந்த ஊசி மனிதர்களுக்கு விற்பதில்லை.

வில்லியனூரில் கால்நடை மருந்துக் கடை.
காலை ஒன்பது மணிக்கு
நான்தான் போய் நின்றேன்.
மாடு எத்தனை கிலோம்மா?
ஐம்பத்தொன்று.
கன்னுக்குட்டியா?
ஆமாண்ணே.
பால் குடிக்குதா?
இல்லண்ணே. அதான்.

அட்டைப் பெட்டியில் கொழுத்த பசு ஒன்று
புல்வெளியைப் பார்த்து நின்றது.
குழுவில் ஐந்து பேர் கையெழுத்து,
ஆறாவதாக அஞ்சலாட்சி, அக்கா.
எதற்குக் கையெழுத்து என்று விளக்கியபோது
படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினம் சளி என்னிடம் வந்தது. எண்ணினேன்.
பதினொன்று. மறுநாள் ஒன்பது.
மூன்றாம் நாள் பதினான்கு;
அன்று வார்டிலிருந்து யாரும் போன் செய்யவில்லை.
அப்புறம் நாலு.
அப்புறம் இரண்டு, அசையாமல்,
கழற்றிப்போட்ட நூல் போல.
ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்,
சிறுநீரகம் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு.

எட்டாம் நாள் மத்தியானம்
ஆய்வக ஜன்னலில் அஞ்சலாட்சி.
நானும் அந்தக் கொல்லையிலதான் வெட்டினேன்,
பதினாறு வயசுலருந்து.
என் கிட்னியோட போயிருக்குமா?

சிரித்துச் சமாளிக்கலாம்.
அவள் முகம் அதற்கு இடம் தரவில்லை.
உங்கள் மலத்தையும் பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் நாள் அவள் தட்டில்
ஒரே ஒரு தையல்.

புழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது என்றேன்.
யாருடையது என்று எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது.
அவருக்கும் முன்பே இருந்திருக்கலாம்.
இருந்திருக்கலாம் என்றாள்,
என் சொல்லைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல.
குடுக்கறதுக்கு முன்ன எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்களே?
இதை எடுக்கவில்லை.
அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா தெரியாது.
சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு மாத்திரைக்குக் கை நீட்டினாள்.
இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று,
வெறும் வயிற்றில் போட வேண்டும் என்றேன்.

வெறும் வயிறுதாம்மா, என்றாள்.
அவன் ட்யூபை எடுக்கட்டும்.